படுத்ததும் விழித்துக்கொள்ளும் கால்கள்

பகல் முழுவதும் ஒரு குறையும் சொல்லாத கால்கள், விளக்கை அணைத்துப் படுத்த சிறிது நேரத்தில் ஆடுசதைக்குள் ஏதோ ஊர்வது போலவும் எலும்பை உள்ளிருந்து குடைவது போலவும் தொல்லை தரத் தொடங்குகின்றன. நீட்டினாலும் மடக்கினாலும் சில நொடிகளுக்குத்தான் நிம்மதி. எழுந்து நாலு எட்டு நடந்தால் குடைச்சல் மறைந்துவிடும். மறுபடி படுத்தால் திரும்பி வந்துவிடும். காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற தவிப்பு, ஓய்வில் அது கூடுவது, அசைவில் தணிவது, மாலையிலும் இரவிலும் மிகுவது ஆகிய நான்கும் சேர்ந்திருந்தால், வேறு காரணம் இல்லாதபோது, மருத்துவர்கள் அதை ஓய்வற்ற கால் நோய் என்கிறார்கள். தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1672-லேயே எழுதிவைத்த இந்தத் தொல்லைக்கு, சுவீடன் நாட்டு நரம்பியல் மருத்துவர் கார்ல் ஏக்போம் 1940-களில்தான் இந்தப் பெயரைத் தந்தார்.

இரவில் வரும் குரக்குவலியோடு இதைக் குழப்பிக்கொள்வோர் பலர். குரக்குவலியில் தசை கட்டியாக இறுகிப் போவதைக் கையால் தொட்டே உணரலாம். இங்கோ தசை மெத்தென்றுதான் இருக்கும். ஏனெனில் கோளாறு காலில் இல்லை, மூளையில் இருக்கிறது. டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து, மூளையில் செய்தி கடத்தி அசைவை ஒழுங்குபடுத்த உதவும் டோபமைன் என்ற வேதிப்பொருள் உருவாகும் பாதையின் முதல் படியில் வேலை செய்யும் நொதி, இரும்பு இல்லாமல் இயங்காது. இந்நோயாளிகளின் நடுமூளையில், கருந்திட்டு எனப்படும் பகுதியில், இரும்பு குறைந்திருப்பதை ஸ்கேன் ஆய்வுகளும் இறந்தோரின் மூளைத் திசு ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. டோபமைன் குறைவுதான் காரணம் என்று சுருக்கிச் சொல்வது வழக்கம் என்றாலும், குறைவு என்பதைவிட அதன் ஒழுங்கு கெட்டுவிட்டது என்பதே பொருந்தும். இரத்தத்தில் உள்ள இரும்பும் டோபமைனின் செயலும் நாளின் போக்கில் ஏறி இறங்குபவை. அவை தணியும் இரவு வேளையில் தொல்லை உச்சம் பெறுவதில் வியப்பில்லை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ஃபெரிட்டின் அளவை. "ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது, இரும்புச்சத்துக்குக் குறைவில்லை" என்று இருந்துவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. இரத்தசோகை வருவதற்கு வெகு முன்பே உடலின் இரும்புச் சேமிப்பு கரைந்துவிடும். சேமிப்பின் அளவைச் சொல்வது ஃபெரிட்டின். பரிசோதனைத் தாளில் இயல்பு என்று அச்சாகியிருந்தாலும், லிட்டருக்கு 75 மைக்ரோகிராமோ அதற்குக் கீழோ இருந்தால் பெரியவர்களுக்கு இரும்பு தரலாமா என்று மருத்துவர்கள் யோசிப்பார்கள். தானாக வாங்கி விழுங்கக் கூடாது. மிகுந்த இரும்பு கல்லீரலைக் கெடுக்கும். மாத்திரையைத் தேநீர், காப்பியோடு எடுத்தால் உடலில் சேரும் அளவும் குறையும்.

தூக்கம் வரவில்லையே என்று, உறக்கம் தரும் ஒவ்வாமை மாத்திரையைப் போட்டுக்கொள்வோருக்குத் தொல்லை இரட்டிப்பாகலாம். அவ்வகை மருந்துகள் இந்நோயைத் தூண்டுபவை. வாந்தியை நிறுத்தும் சில மாத்திரைகளும், மனச்சோர்வுக்கான பல மருந்துகளும் அப்படியே. எதையும் தாமாக நிறுத்தாமல், உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. மாலைக்குப் பிறகு காப்பியையும் மதுவையும் விட்டுப் பார்க்கலாம். படுக்கும் முன் ஆடுசதையை நீட்டி மடக்குவது, வெந்நீரில் கால் நனைப்பது, அழுத்திப் பிடித்துவிடுவது ஆகியவை பலருக்கு உதவுகின்றன. உட்கார்ந்தே இருக்க நேர்ந்தால், மனத்தை முழுதாக இழுத்துக்கொள்ளும் புதிரோ கணக்கோ தவிப்பை அடக்கும்.

உறங்கிய பின்னும் கால்கள் சும்மா இருப்பதில்லை. நோயாளிகளில் சுமார் 80 விழுக்காட்டினருக்கு, பெரும்பாலும் 20 முதல் 40 நொடிகளுக்கு ஒருமுறை, கட்டைவிரல் மேல்நோக்கி விறைக்க, கணுக்கால் மடங்கி, சில வேளை முழங்காலும் வெட்டி இழுக்கும். இது உறங்குபவருக்குத் தெரியாது; அருகில் படுத்திருப்பவர்தான் சாட்சி, மருத்துவரிடம் அவரையும் அழைத்துச் செல்லலாம்.

இவற்றுக்கும் அடங்காத நிலையில் இன்று முதலில் கருதப்படுபவை கேபாபென்டின், பிரிகாபலின் வகை மருந்துகள். முன்பு பெரிதும் தரப்பட்ட பிராமிபெக்சோல், ரோபினிரோல் ஆகியவை டோபமைனைப் போலச் செயல்பட்டு முதல் சில மாதங்கள் அருமையாகக் கேட்கும். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, இரவு 10 மணிக்கு வந்த தொல்லை பிற்பகலிலேயே தலைகாட்டி, கைகளுக்கும் பரவக்கூடும். அப்போது அளவைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். திடீரென நிறுத்தினாலும் தவிப்பு பன்மடங்காகும் என்பதால், மருத்துவரின் கண்காணிப்பில் சிறிது சிறிதாகத்தான் அவற்றைக் குறைக்க முடியும்.