வானத்தில் பட்டை விழுந்தால் முதலில் பிளேயரைப் பாருங்கள்

ராத்திரி பதினொரு மணிக்கு மேல் போன். "அண்ணே, வானம் பட்டை பட்டையா நிக்குது. கிரேடுல ஏதோ போயிருச்சு போல."

பேசியவர் ஒரு குறும்படத்தின் எடிட்டர். கிரேடு என்று அவர் சொல்வது படத்தின் நிறத்தைச் சீராக்கும் வேலையை. சூரியன் மறைந்து பத்து நிமிடம் கழித்து எடுத்த கடற்கரைக் காட்சி அது. மேலே கருநீலம், கீழே வர வர வெளிறிக்கொண்டே போகும். அந்த வானம் மாடிப்படி மாதிரி தெரிகிறதாம். "எதுல போட்டுப் பாத்த?" என்றேன். "லேப்டாப்ல, எம்பிவில." எம்பிவி என்பது வீடியோ ஓட்டும் ஒரு பிளேயர். அதற்குள் வானத்தின் மேல் கிரெய்ன், அதாவது பொடிப் புள்ளிகளை அள்ளித் தூவி, முழுப் படத்தையும் மறுபடி ஃபைலாக்க ரெண்டருக்குப் போட்டுவிட்டிருந்தார். காலையில் அனுப்ப வேண்டிய ஃபைல்.

ரெண்டரை நிறுத்தச் சொன்னேன். ஃபைலில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு மதியம்தான் ஸ்டுடியோ மானிட்டரில் அதே வானத்தைப் பார்த்து வந்திருந்தேன்.

நடந்தது இதுதான். ஃபைல் 10 பிட். ஒவ்வொரு நிறத்துக்கும் 1024 படிகள். அந்த லேப்டாப்பின் திரைக்குப் போவது 8 பிட், 256 படிகள்தான். உத்தேசமாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். திரையில் வானம் 720 வரி உயரம், அதற்குள் நீலம் மாறுவது 8 பிட் கணக்கில் 24 படி என்றால், ஒரு படிக்கு 30 வரி. முப்பது வரி அகலத்தில் ஒரே நிறம் நின்றால் கண் சும்மா விடாது, ஓரத்தைப் பிடித்துவிடும். 10 பிட்டில் அதே வானம் 96 படி, ஒவ்வொன்றும் ஏழெட்டு வரி. அங்கே கண்ணுக்குப் பிடி கிடைப்பதில்லை.

அப்படியானால் 8 பிட் திரையில் வழவழப்பான வானமே பார்க்க முடியாதா என்றால், முடியும். டிதரிங் இருப்பது அதற்குத்தான். பிளேயர் கணக்கில் ஒரு புள்ளியின் மதிப்பு 41.25 என்று வருகிறது. திரைக்கு 41 தெரியும், 42 தெரியும், நடுவில் எதுவும் தெரியாது. எல்லாவற்றையும் 41 என்று மழுக்கினால் பட்டை. நாலு புள்ளியில் மூன்றுக்கு 41, ஒன்றுக்கு 42 என்று கலைத்துப் போட்டால், தள்ளி நின்று பார்க்கும் கண் தானே கால் பங்கைச் சேர்த்துக்கொள்ளும். தினசரியில் வரும் கறுப்பு வெள்ளைப் படம் சாம்பல் மையே இல்லாமல் சாம்பலைக் காட்டுவதும் இந்த வித்தையால்தான்.

எம்பிவியில் இதற்கான தெரிவின் பெயர் டிதர்-டெப்த். பழைய பதிப்புகளில் இது இயல்பாக அணைந்தே இருக்கும். நாமாகப் போட்டால்தான் உண்டு. இப்போதைய பதிப்புகளில் ஆட்டோ. எடிட்டர் தம்பி வைத்திருந்தது பழைய லினக்ஸோடு வந்த பழைய எம்பிவி. டிதர்-டெப்த் 8 என்று சேர்த்து ஓட்டச் சொன்னேன். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம், "அண்ணே… போயிருச்சு."

எந்த மாதிரி கலைக்க வேண்டும் என்பதற்குத் தனியாக டிதர் என்றொரு தெரிவு. இயல்பாக வருவது ஃப்ரூட் என்ற முறை. ஆர்டர்ட் போட்டால் உற்றுப் பார்க்கும்போது கட்டம் கட்டமாக ஒரு ஒழுங்கு தெரியும். எர்ரர்-டிஃப்யூஷன், ஒரு புள்ளியில் விட்ட பாக்கியைப் பக்கத்துப் புள்ளிகளுக்குப் பங்கு போடும் முறை. ஃப்ளாய்டும் ஸ்டைன்பெர்க்கும் 1976இல் வெளியிட்ட வழியின் வாரிசு. அழகாக இருக்கும், ஆனால் கிராஃபிக்ஸ் கார்டைப் பிழியும். என் வேலைக்கு ஃப்ரூட்டே போதும். டெம்பொரல்-டிதர் என்று இன்னொன்று, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் புள்ளிகளை மாற்றிப் போடும். எல்சிடி திரைகளில் இது மினுமினுக்கலாம் என்று கையேடே எச்சரிக்கிறது. தொடாதீர்கள்.

ஆட்டோ இருக்கிறதே என்று நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது. கம்ப்யூட்டர் எத்தனை பிட் வெளியே அனுப்புகிறது என்பதைத்தான் பிளேயரால் பார்க்க முடியும். கேபிளுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பேனலின் தரம் அதற்குத் தெரியாது. விலை குறைந்த லேப்டாப்களில் பல 6 பிட் பேனல்கள். சொந்தமாகக் காட்டக்கூடியது 2,62,144 நிறங்கள்தான். மீதியைப் பேனலே தன் பங்குக்கு ஒரு டிதரிங் செய்து ஒப்பேற்றும். பிளேயர் ஒரு பக்கம் கலைக்க, பேனல் இன்னொரு பக்கம் கலைக்க, இருட்டுக் காட்சிகளில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு நெளிவு வரும். அதையும் "சார், நாய்ஸ் இருக்கு" என்று என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள்.

இதுவரை சொன்னது மற்றவர்கள் தவறு. என்னுடையது இதைவிட மோசம்.

ஒரு விளம்பரப் படம், பெரும்பாலும் இருட்டறைக் காட்சிகள். டெலிவரிக்கு முந்தின கடைசி ஃபைலை என் மேஜையில் எம்பிவியில் ஓட்டிப் பார்த்து, சரி என்று அனுப்பிவிட்டேன். வாடிக்கையாளர் வீட்டு டிவியில் சுவரெல்லாம் பட்டை. இந்த முறை பட்டை நிஜமாகவே ஃபைலில் இருந்தது. படத்தைச் சுருக்கி ஃபைலாக்கும் என்கோடர், ஃபைல் அளவை மிச்சம் பிடிக்க இருட்டை வழித்திருந்தது. என் கண்ணுக்கு ஏன் தப்பியது? மாதக்கணக்கில் முன்பு எம்பிவியின் அமைப்புகளை எழுதி வைக்கும் கான்ஃபிக் ஃபைலில் ப்ரொஃபைல் என்ற வரியில் ஹை-குவாலிட்டி என்று எழுதி வைத்திருந்தேன். பெயரே நன்றாக இருக்கிறதே என்று எழுதியதுதான். என்னிடம் இருந்த பதிப்பில் அந்த ப்ரொஃபைல் சத்தமில்லாமல் டிபேண்டையும் போட்டுவிட்டிருந்தது. டிபேண்டின் வேலையே பட்டைகளைத் தேடி மழுக்கி, மேலே கொஞ்சம் கிரெய்ன் தூவி மறைப்பது. வீட்டில் படம் பார்க்க அருமையான வசதி. குறை கண்டுபிடிக்க உட்காரும் ஆளுக்கு அது கண்கட்டு.

அன்றிலிருந்து சரிபார்க்கும்போது, கான்ஃபிக் ஃபைலைப் படிக்காமல் திறக்கும் நோ-கான்ஃபிக் தெரிவைப் போடாமல் எம்பிவியைத் திறப்பதில்லை. திறந்ததும் ஐ (i) விசையைத் தட்டுவேன். ஃபைலில் புள்ளிகளின் நிறம் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று சொல்லும் பிக்சல் ஃபார்மட் திரையிலேயே வரும். கடைசியில் p10 என்று இருந்தால் 10 பிட். சந்தேகமான ஃப்ரேமில் நிறுத்தி, 6 என்ற எண் விசையை அழுத்திப் பிடித்தால் நடுத்தர வெளிச்சத்தைக் கூட்டும் காமா ஏறி, இருட்டில் ஒளிந்திருப்பதெல்லாம் வெளுத்து வெளியே வரும். பிறகு டிதரிங் இல்லாமல் ஒருமுறை, போட்டு ஒருமுறை. டிதரிங் போட்டதும் பட்டை கரைந்தால் பிளேயரின் குற்றம். இரண்டிலும் ஓரம் அசையாமல் அதே இடத்தில் நின்றால் ஃபைலின் குற்றம். அப்போது பி (b) விசையைத் தட்டிப் பாருங்கள், டிபேண்ட் ஏறி இறங்கும். அது ஏறும்போது மட்டும் சுவர் சுத்தமாகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், திரும்ப என்கோட் செய்யுங்கள்.

கறுப்பு சாம்பலாகத் தெரிவது வேறு வியாதி. அங்கே வீடியோ-அவுட்புட்-லெவல்ஸைப் பாருங்கள். பெரும்பாலும் பிளேயர் 16 முதல் 235 வரை அனுப்ப, திரை 0 முதல் 255 வரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்.

கட்டளைகளை எழுத்தாகத் தட்டும் டெர்மினலுக்குள்ளேயே படம் ஓட்டும் எம்பிவி தெரிவுகளையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்தவை என்பதால். படம் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் விஓ (vo) என்பதற்கு டிசிடி (tct) கொடுத்தால் எழுத்துக் கட்டங்களை மேல் பாதி, கீழ் பாதி என்று பிரித்து நிறம் தீட்டி ஓட்டும். சிக்ஸெல் கொடுத்தால், அதை ஆதரிக்கும் டெர்மினலில் நிஜப் படமே வரும். நிறங்கள் இயல்பாக 256தான் என்பதால் அதற்கும் தனி டிதர் தெரிவு உண்டு, அங்கேயும் ஃப்ளாய்ட்-ஸ்டைன்பெர்க். வீட்டிலிருந்தபடி எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பில் ஸ்டுடியோ கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, ராத்திரி ரெண்டரில் படம் விழுந்திருக்கிறதா, கறுப்பாகவே ஓடுகிறதா என்று பார்க்க இதைவிட லேசான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த எடிட்டர் இப்போதும் கூப்பிடுவார். "அண்ணே, நோ-கான்ஃபிக் போட்டுட்டேன், டிதரும் போட்டுட்டேன், அப்பவும் பட்டை நிக்குது" என்று தொடங்கினால், நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குக் கிளம்பிவிடுவேன்.