பிள்ளையிடம் போனைக் கொடுக்காதீர்கள்

எங்கள் நூலகத்தில் நூலும் தகவலும் தேடித்தரும் உசாத்துணைப் பகுதிக்கு வரும் அழைப்புகளில் ஒரு வகை உண்டு. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஆங்கிலத்தில் தடுமாறும். பின்னால் தாத்தா, "சித்த வைத்தியம் எண்டு சொல்லு, மூலிகைப் படம் போட்டது எண்டு சொல்லு" என்று அடிக்குரலில் சொல்லிக்கொண்டிருப்பார். கடைசியில் எங்கள் காதில் விழுவது "மெடிசின் புக்". எந்த அலுமாரியில் தேடுவது? இந்த வாரமும் இதே கூத்துத்தான்.

கொழும்பில் ஒரு அலுவலகத்துக்குக் கோல் எடுத்தால் ஆங்கிலத்தில் பேசினால்தான் மதிப்பார்கள் என்ற நினைப்பு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. ஆங்கிலம் பேசினால் வேலை விரைவாக நடக்காது. நீங்கள் தேடுவது தமிழ்ப் புத்தகம், அதன் பெயரும் தமிழ், எழுதியவரும் தமிழர். அதை அரைகுறை ஆங்கிலத்துக்கு மாற்றி எங்களிடம் தர, நாங்கள் திரும்பவும் தமிழுக்கு மாற்றித் தேட, பாதி விஷயம் வழியிலேயே கொட்டிவிடுகிறது. அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை கொழும்பிலும் தருகிறது. ஆனால் உரிமை இருக்கிறது என்பதற்காக எல்லா நேரமும் தமிழ் தெரிந்தவர் மேசையில் இருப்பார் என்றில்லை, அதையும் மறைக்க வேண்டியதில்லை.

எடுத்தவர் சிங்களத்தில் பேசினால் பதறி வைத்துவிடாதீர்கள். "தெமளென் கதா கரன்ன புளுவன் கெனெக் இன்னவாத?" (தமிழில் பேசக்கூடியவர் யாரும் இருக்கிறார்களா?) என்று கேளுங்கள். தமிழ் தெரிந்தவர் இருந்தால் கூப்பிடுவார்கள். இல்லையென்றால் அவர் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டு அப்போது எடுங்கள். அவசரமென்றால் இரண்டு மொழியும் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கொன்ஃபரன்ஸ் கோலில் சேருங்கள். அவர் சொல்வது உங்கள் காதிலும் விழும், பிழையை அங்கேயே திருத்தலாம்.

பெயர்களில்தான் அதிகம் சறுக்குகிறது. பேராசிரியர் சிவத்தம்பியை ஆங்கிலத்தில் எஸ்ஸில் (S) தொடங்கி எழுதுவோம். தமிழ் எழுத்தை ஆங்கில எழுத்தில் தரும் ஒலிபெயர்ப்பு முறையைப் பின்பற்றும் பட்டியல்களில் அதே பெயர் சீயில் (C) தொடங்கும். ஓரிடத்தில் தேடிவிட்டு "இல்லை" என்று சொல்லப்படும் புத்தகம் மற்ற எழுத்தின் கீழ் இருக்கலாம். எனவே தமிழ் எழுத்துகளைச் சொல்லுங்கள், பெயருக்கு முன்னால் வரும் எழுத்து 'க'வா 'கா'வா என்று பிரித்துச் சொல்லுங்கள். நூலில் ஐ.எஸ்.பி.என். (நூலுக்குரிய சர்வதேச இலக்கம்) இருந்தால் அதைப் போல நல்லது எதுவுமில்லை. இலங்கை வெளியீடுகளில் அது பெரும்பாலும் 955 என்றோ, 978க்கு அடுத்து 955 அல்லது 624 என்றோ தொடங்கும்.

"இல்லை" என்றதும் நன்றி சொல்லி வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து இன்னொரு கேள்வி கேளுங்கள்: நூலகத்திலேயே இல்லையா, இரவலில் போயிருக்கிறதா, வேறு பகுதியில் இருக்கிறதா? மூன்றுக்கும் அடுத்து செய்ய வேண்டியது வேறு. இருக்கிறதென்றால் அலுமாரியில் இடம் காட்டும் பகுப்பெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள் (நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் தூயி முறையில் தமிழ் இலக்கியம் 894.811). வீட்டுக்குக் கொண்டுபோகலாமா, அங்கேயே இருந்து வாசிக்கத்தானா என்பதையும் கேட்டுவிடுங்கள். முகத்துவாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த பிறகு தெரிய வேண்டிய விஷயமல்ல அது. பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் வந்து கேற்றைத் தட்டுபவர்களுக்கு என்ன சொல்ல!

கோல் எடுக்கும்முன் ஒரு துண்டில் எழுதி வையுங்கள்: என்ன வேண்டும், எதற்கு (சாதாரண தரமா, பல்கலைக்கழகமா, சும்மா வாசிக்கவா), எப்போதைக்கு, எந்தெந்த மொழியில் வாசிப்பீர்கள். கடைசிக் கேள்வியை யாருமே யோசிப்பதில்லை. தமிழில் கேட்டதால் தமிழ் நூல்தான் வேண்டுமென்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். ஆங்கில நூலும் பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் சில தலைப்புகளில் கிடைப்பது பல மடங்கு.

வர்த்தமானி கேட்பவர்கள் திகதியையும் இலக்கத்தையும் சொல்லுங்கள். இலக்கத்தில் சாய்கோடு இருந்தால் அது அதிவிசேட வர்த்தமானி. தமிழ்ப் பதிப்பு தனியாக வரும், அதைக் குறிப்பிட்டே கேளுங்கள். பழைய பத்திரிகைக்கு கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தை விசாரியுங்கள். பழைய ஈழத்து நூலையோ சஞ்சிகையையோ எங்கும் அலையாமல் முதலில் "நூலகம்" (noolaham.org) என்ற இணையத்தளத்தில் தேடுங்கள், வீட்டிலிருந்தே வாசிக்கலாம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை விபரமெல்லாம் எங்களிடம் இல்லை ஐயா. அதற்கு அரச தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்துக்கு எடுங்கள், அங்கே மூன்று மொழியிலும் பேசுவார்கள்.

ஒரு நூலை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வர முடியாமல் போனால் அதற்கும் ஒரு கோல் எடுங்கள். அதே புத்தகத்துக்கு இன்னொருவர் கேட்டிருப்பார்.