பாடத்தை ஒப்பிக்கிறாள், வாசிக்கிறாளா?

மூன்றாம் வகுப்புக்கு வந்திருந்த அந்தச் சிறுமி, தமிழ்ப் பாடத்தைத் தங்குதடையில்லாமல் படித்துக் காட்டினாள். விரல் மட்டும் இரண்டு வரி பின்னால் நின்றது. பக்கத்திலிருந்த படத்தை உள்ளங்கையால் மறைத்து, கடைசி வரியைப் படிக்கச் சொன்னேன். முதல் வரியையே மறுபடியும் சொன்னாள். ‘நரி’ என்ற ஒரே சொல்லைத் தனியாகக் காட்டினேன். என் முகத்தைப் பார்த்தாள்.

அவளுடைய அம்மா குடியாத்தம் பக்கம் பீடி சுற்றுபவர். மறுநாள் வந்து, “டீச்சர், வீட்டில் முழுப் பாடத்தையும் பார்க்காமலே சொல்கிறாளே?” என்று வருத்தத்தோடு கேட்டார். பார்க்காமல் சொல்கிறாள் என்பதுதான் சிக்கல் என்று அவருக்கு விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது.

குற்றம் குழந்தையுடையது அன்று. வகுப்பில் ஆசிரியர் ஒரு வரி சொல்ல, நாற்பது குரல்கள் சேர்ந்து திருப்பிச் சொல்கின்றன. நல்ல நினைவாற்றல் உள்ள குழந்தை மூன்றாவது நாளில் பாடத்தை விழுங்கிவிடும். அதற்குப் பிறகு அதற்கு எழுத்து தேவைப்படுவதில்லை. வேலூர் மாவட்டப் பள்ளிகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன், வாசிக்கத் தெரியாமல் நான்காம் வகுப்பு வரை வந்துவிடும் குழந்தைகளில் பலர் மந்தமானவர்கள் அல்லர், கெட்டிக்காரர்கள். அதனால்தான் யார் கண்ணிலும் படாமல் தப்பிவிடுகிறார்கள்.

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 என்று தொடக்கத்திலேயே சொல்லி மிரட்ட வேண்டியதில்லை. ட, ப, ம போன்ற எளிய வடிவங்களில் தொடங்கினால் ‘படம்’, ‘மடம்’, ‘பட்டம்’ என்று முதல் மாதத்திலேயே சொற்களைப் படிக்கலாம். உண்மையான தடை பிறகு இரண்டு இடங்களில் வருகிறது.

ஒன்று, கொம்பு. ‘கெ’ என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கிறது. ஒலிக்கும்போது க் முன்னால் வந்து எ பின்னால் வருகிறது. ‘கொ’வில் குறி இரு பக்கமும் நின்று எழுத்தை அணைத்துக்கொள்கிறது. இடமிருந்து வலமாகப் படி என்று நாம்தான் சொல்லிக் கொடுத்தோம். அந்தக் குழந்தை கொம்பில் முட்டி நிற்பது நியாயம்தானே? கொம்பையும் எழுத்தையும் தனித்தனி அட்டையில் எழுதிக் கொடுத்து, ஒட்டவும் பிரிக்கவும் விடுவேன். கை பழகினால் கண் பழகும்.

இன்னொன்று உகர வரிசை. ஆகாரத்துக்குக் கால் போட்டால் போதும். உகரத்துக்கு அப்படி ஒரே குறி கிடையாது. கு, மு, ரு ஒரு விதம். சு, பு, வு வேறு விதம். து, நு, று இன்னொரு விதம். இதை 18 எழுத்துக்கும் ஒரே நாளில் எழுதச் சொல்வது கொடுமை. குடும்பம் குடும்பமாகப் பிரித்து, ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரம் கொடுங்கள். பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் தாத்தாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: ணா, றா, னா, ணை, லை போன்றவற்றின் பழைய வடிவங்கள் 1978 எழுத்துச் சீர்திருத்தத்தோடு பாடநூல்களிலிருந்து போய்விட்டன. அவை அழகானவைதான். ஆனால் குழந்தை புதிய வடிவத்தில் உறுதியாகும் வரை பொறுத்திருங்கள்.

வாசிப்பைச் சோதிக்கப் பாடநூலைவிட நல்லது பஸ் பலகை. அதில் படம் இல்லை, மனப்பாடத்துக்கும் வழியில்லை. ‘பேரணாம்பட்டு’ என்ற ஒரு பெயரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. முதலில் வரும் ‘ப’ வன்மையாக ஒலிக்கிறது. ம்-க்குப் பின் வரும் ‘ப’ மென்மையாகிவிடுகிறது. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. ‘குடியாத்தம்’, ‘ஒடுகத்தூர்’ இரண்டையும் சொல்லிப் பாருங்கள், ககரமும் அப்படித்தான். வீட்டில் உருதும் தெலுங்கும் பேசும் குழந்தைகள் நிறைய உள்ள பகுதி இது. அவர்கள் இங்கே திணறினால், இடத்தைப் பொறுத்து ஒலி மாறும் என்பதைக் காதால் கேட்க வையுங்கள். காலையில் அரபிப் பாடம் படித்துவிட்டு வரும் பையன் ஒருவன் வலப்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்குவான். நோட்டின் இடது ஓரத்தில் வரிக்கு வரி ஒரு பச்சைப் புள்ளி வைத்தேன். ஒரு மாதத்தில் புள்ளி தேவைப்படவில்லை.

எழுதுவதற்கு வருவோம். கரும்பலகையைப் பார்த்து முத்து முத்தாக நகல் எடுப்பதை எழுத்து என்று நான் ஏற்பதில்லை. நோட்டு முழுக்கச் சரி குறி இருக்கும். சொல்வதெழுதுதல் வைத்தால் பக்கம் வெறுமையாக இருக்கும். ஒருமுறை, ஊர்த் திருவிழாவைப் பற்றி நான்கு வரி எழுதச் சொன்னபோது ஒரு மாணவன் ‘கடையில் பயம் வாங்கினோம்’ என்று எழுதியிருந்தான். எங்கள் பக்கத்துப் பேச்சில் பழம் ‘பயம்’தான். அந்தப் பையன் காதில் கேட்டதை ஒரு எழுத்து பிசகாமல் எழுதியிருக்கிறான்! சிவப்பு மையில் அடித்திருந்தால் அடுத்த வாரம் இரண்டு வரிதான் எழுதியிருப்பான். அவனைப் பாராட்டிவிட்டு, பக்கத்தில் ‘பழம்’ என்று எழுதி, நாவை மடித்து ஒலித்துக் காட்டினேன்.

இலக்கணமும் இப்படித்தான். ‘நேற்று வருவேன்’ என்று எந்தக் குழந்தையும் பேசாது. முக்காலமும் அதற்கு மூன்று வயதிலேயே தெரியும், பெயர்தான் தெரியாது. ‘கீது’ என்று பேசும் குழந்தையிடம் அது தப்பு என்று சொல்லாதீர்கள். பலகையில் கோடு கிழித்து ஒரு பக்கம் ‘கீது’, மறுபக்கம் ‘இருக்கிறது’ என்று எழுதுங்கள். வீட்டில் அது, புத்தகத்தில் இது. ‘அந்தப் பையன்’, ‘கீரைக்கடை’ என்று சொல்லவைத்து, நடுவில் அழுத்தம் கேட்கிறதா என்று கேளுங்கள். வல்லினம் மிகும் இடங்களின் பட்டியல் பிறகு வரட்டும்.

2022 இல் அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தை அரும்பில் இருக்கிறது என்றால் பெற்றோர் அவமானமாக நினைக்க வேண்டாம். எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்த படிக்குக் கை கொடுக்க முடியும்.

அந்தச் சிறுமியை ‘படம்’, ‘மடம்’ என்பதிலிருந்து தொடங்கினேன். தினமும் பதினைந்து நிமிடம், தனியாக. மாசி மாதத்தில் ஒரு நாள் அவளுடைய அம்மா வந்து சொன்னார்: குடியாத்தம் பஸ் நிலையத்தில் மகள் ஒரு பலகையை ‘பள்...ளி...கொ...’ என்று கூட்டிப் படிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டதாம். அடுத்த பஸ்ஸுக்கு இருவரும் நாற்பது நிமிடம் காத்திருந்தார்களாம்.