முழங்காலில் தொடங்கும் பாடம்: டேக்வாண்டோ பின்னணி ஓர் ஆசிரியரை எப்படி உருவாக்குகிறது

தற்காப்புக் கலைப் பள்ளியில் ஒரு வகுப்பைப் பத்து நிமிடம் கவனித்தாலே ஆசிரியர் எந்தக் கலையில் வளர்ந்தவர் என்று சொல்லிவிடலாம். ஜூடோவிலிருந்து வந்தவர் முதலில் விழக் கற்றுக்கொடுப்பார். பாக்ஸிங்கிலிருந்து வந்தவர் மாணவரின் கைகளை முகத்துக்கு ஏற்றிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார். உதைகளுக்குப் பேர்போன கொரியக் கலையான டேக்வாண்டோவிலிருந்து வந்தவரின் பார்வை நேராக முழங்காலுக்குப் போகும். ஆட்ட விதிகள் வீரரின் உடலைப் பழக்குகின்றன. அவர் ஆசிரியரானதும் அந்தப் பழக்கமே வகுப்பின் வரிசையைத் தீர்மானிக்கிறது. எதை முதலில் சொல்வது, எதைத் திருத்துவது, எதைக் கவனிக்காமலே விடுவது எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன.

உலக டேக்வாண்டோ கூட்டமைப்பு 1973இல் சியோலில் தொடங்கப்பட்டது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் டேக்வாண்டோ முழுப் பதக்க விளையாட்டானது. டோக்கியோ ஒலிம்பிக்கில் இருந்த புள்ளி முறை இது: உடற்கவசத்தின் மேல் குத்தினால் 1, உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3, சுழன்று உடலில் உதைத்தால் 4, சுழன்று தலையில் உதைத்தால் 5. முகத்தில் குத்தவும் இடுப்புக்குக் கீழே உதைக்கவும் அனுமதி இல்லை. எதிராளியைப் பிடித்தால் தண்டனைப் புள்ளி. இத்தகைய ஆட்டத்தில் பல ஆண்டுகள் நின்றவருக்குக் காலே முதல் ஆயுதம், தூரமே முதல் தற்காப்பு.

இனி அந்த முழங்காலுக்கு வருவோம். டேக்வாண்டோவில் பெரும்பாலான உதைகள் முழங்காலை மடக்கி உயர்த்துவதில் தொடங்குகின்றன. முழங்காலுக்குக் கீழுள்ள காலும் பாதமும் சேர்ந்து உடல் எடையில் சுமார் 6 சதவீதம் இருக்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். காலை நீட்டியபடியே சுழற்றினால் அந்த எடையின் மையம் இடுப்பு மூட்டிலிருந்து ஏறக்குறைய 68 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். நன்றாக மடக்கினால் அந்தத் தூரம் 30 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். சுழற்சிக்கு எதிரான நிலைமம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே கீழ்க்காலின் பங்கு சுமார் ஐந்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. இடுப்புத் தசைகளுக்கு வேலை அவ்வளவு குறைவதால் தொடை விரைந்து எழுகிறது. பிறகு தொடையின் வேகம் தணியும் நேரத்தில் கீழ்க்கால் சாட்டைபோல் விரிகிறது. மூட்டுக்கு மூட்டு வேகம் இப்படிக் கைமாறுவதால் கடைசியில் இருக்கும் பாதம் உச்ச வேகத்தைப் பெறுகிறது.

இன்னொரு பயனும் உண்டு. முன்னுதை, வட்ட உதை, பக்க உதை மூன்றும் ஏறத்தாழ ஒரே முழங்கால் உயர்வில் பிறந்தால், எது வரப்போகிறது என்று எதிராளியால் கடைசி நொடி வரை ஊகிக்க முடியாது. தொடக்க மாணவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். முழங்கால் இலக்கை நோக்கித் திரும்பும் முன்பே காலை விரித்துவிடுவார்கள். உதை கீழிருந்து மேலாகச் சறுக்கிக்கொண்டு வரும். வேகமும் போகும், கண்ணிலும் படும். மாணவரைச் சுவரைப் பிடித்து நிற்க வைத்து, ஒரே உதையை நான்காகப் பிரித்துத் திருத்தலாம்: முழங்காலை உயர்த்து, ஊன்றிய காலைத் திருப்பு, விரி, மடக்கு. ஒவ்வொரு நிலையிலும் இரண்டு விநாடி நிறுத்தம். ஒரு பக்கத்துக்கு ஐந்து முறை போதும். அதற்கு மேல் போனால் தொடை சோர்ந்து முழங்கால் இறங்கிவிடும். பிறகு பழகுவது பிழையைத்தான்.

அந்த நான்கில் இரண்டாவது படிதான் காயத்தைத் தீர்மானிக்கிறது. வட்ட உதையில் இடுப்பு சுழலும்போது ஊன்றிய பாதம் தரையில் ஒட்டி நின்றுவிட்டால் திருகல் முழுவதும் முழங்காலில் இறங்கும். குறுக்குத் தசைநார்களும் மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு வட்டும் அதைத் தாங்க வேண்டியிருக்கும். ரப்பர் விரிப்பில் வெறுங்காலுக்கு உராய்வு அதிகம் என்பதால் ஆபத்தும் கூடுதல். குதிகாலைச் சிறிதே தூக்கி, முன்பாதத்தின் மேல் சுழல வேண்டும். இடுப்பு உயர உதைக்குக் குறைந்தது 90 பாகையாவது திரும்ப வேண்டும். தலை உயர உதைக்குக் குதிகால் ஏறக்குறைய இலக்கையே பார்க்கும் அளவுக்குத் திரும்ப வேண்டும். நல்ல ஆசிரியர் உதைத்த காலைப் பார்ப்பதைவிட ஊன்றிய குதிகாலைத்தான் அதிகம் பார்ப்பார்.

உயரமாக உதைக்க முடியாத மாணவரிடம் 'இன்னும் ஸ்ட்ரெச் பண்ணு' என்று சொல்வது எளிது. பல நேரங்களில் தடை தசையில் இருப்பதில்லை. காலை நேர்ப்பக்கமாக உயர்த்தும்போது தொடை எலும்பின் மேற்பகுதி இடுப்புக் குழியின் விளிம்பில் முட்டக்கூடும். இடுப்பை முன்சாய்த்துத் தொடையை வெளிப்புறமாகச் சுழற்றினால் அந்த முட்டல் விலகிக் கால் இன்னும் மேலே போகும். குழியின் ஆழமும் கோணமும் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் சில மாதங்களில் தொடும் உயரத்தை இன்னொருவர் ஒருபோதும் தொடாமல் போகலாம். அதைச் சோம்பல் என்று திட்டும் ஆசிரியர் அந்த மாணவரை இழந்துவிடுவார்.

வகுப்பின் தொடக்கத்தில் ஒவ்வொரு தசையையும் ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இழுத்து வைப்பது சற்று நேரத்துக்குத் தசையின் விசையைக் குறைக்கும். எனவே முதலில் கால் வீச்சு, முழங்கால் உயர்த்தல் போன்ற அசைவுள்ள பயிற்சிகள். நீண்ட ஸ்ட்ரெச்சிங் வகுப்பின் முடிவில். பதின்பருவத்தில் வளர்ச்சித் தட்டுகள், அதாவது எலும்பு வளரும் இடங்கள், இன்னும் இறுகியிருக்காது. அந்த வயதில் ஸ்பிளிட்டுக்காக, அதாவது இரு கால்களையும் முழுதாக விரித்துத் தரையில் உட்காருவதற்காக, முதுகில் ஏறி அழுத்தினால் தொடைத் தசைநார் இடுப்பெலும்பின் ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு வரக்கூடும். இதில் சமரசத்துக்கு இடமே இல்லை: யாரும் யாரையும் அழுத்தக் கூடாது.

கருவிகளும் பாடம் நடத்துகின்றன. டேக்வாண்டோ மிட், அதாவது உதைப்பதற்காகக் கையில் பிடித்துக் காட்டும் சிறு மெத்தை, லேசானது. சரியாகப் பட்டால் 'பட்' என்று உரக்கச் சத்தம் வரும். குழந்தைகள் அந்தச் சத்தத்தையே மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்வார்கள். அது வேகத்தையும் உடனே காலை மடக்குவதையும் வளர்க்கும். இலக்கைத் துளைத்துச் செல்லும் எடையை அது வளர்க்காது. மிட் மட்டுமே பிடிக்கும் பள்ளியில் உதை வேகமாக இருக்கும், ஆனால் எதிராளியை நகர்த்தாது. வாரத்தில் ஒரு வகுப்பாவது உடலோடு அணைத்துப் பிடிக்கும் கனமான பெரிய மெத்தையான கிக் ஷீல்டுக்கு ஒதுக்க வேண்டும். படும் இடமும் கவனிக்க வேண்டியது. டேக்வாண்டோ வட்ட உதை பெரும்பாலும் புறங்காலில் படும். எதிராளி முழங்கையை இறக்கினால் அங்குள்ள மெல்லிய எலும்புகள் அடி வாங்கும். கவசம் இல்லாத பயிற்சியில் கீழ்க்கால் எலும்பால் உதைக்கவும் சொல்லித்தர வேண்டும்.

டேக்வாண்டோ பின்னணி கொண்டுவரும் பெரிய சொத்து, பெரிய வகுப்பை ஒழுங்காக நடத்தும் திறன். 'ஹனா, துல், செத்' என்று கொரிய மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ண, முப்பது பேர் ஒன்றாக உதைப்பார்கள். தொடக்க நிலையில் இதற்கு ஈடான முறை இல்லை. ஆனால் எண்ணிக்கை பழக்குவது காதை. ஒலிக்கு மனிதர் எதிர்வினை காட்ட ஏறத்தாழ 150 மில்லிவிநாடி ஆகிறது. காட்சிக்கு 200 அளவில். ஸ்பாரிங்கில், அதாவது இருவர் மோதிப் பழகும் பயிற்சியில், எந்த எதிராளியும் எண்ணிவிட்டு உதைப்பதில்லை. எனவே அசைவு ஓரளவு படிந்ததும் எண்ணிக்கையை நிறுத்திவிட்டு மிட்டைக் காட்டி உதைக்கச் சொல்ல வேண்டும். அடுத்த படியில் மிட்டும் வேண்டாம். எதிரே நிற்பவரின் இடுப்பு திரும்புவதையோ முன்காலில் எடை இறங்குவதையோ பார்த்து உதைக்க வேண்டும்.

திரும்பத் திரும்ப ஒரே உதையைச் செய்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஷியாவும் மோர்கனும் 1979இல் வெளியிட்ட ஆய்வில், கை அசைவுகளைக் கலந்து பழகியவர்கள் பயிற்சியின்போது தடுமாறினார்கள். பின்னர் சோதித்தபோது அவர்களே நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். முப்பது வட்ட உதை, பிறகு முப்பது பக்க உதை என்று போகும் வகுப்பு பார்க்க அழகாக இருக்கும். மூன்று உதைகளைக் கலந்து கேட்கும் வகுப்பு அலங்கோலமாகத் தெரியும். முதல் சில வாரங்கள் தாண்டியவர்களுக்கு இரண்டாவதையே பரிந்துரைப்போம்.

இனி விதிகள் மறைத்துவிட்ட இடங்கள். முகத்தில் குத்து வராது என்ற உறுதியில் கைகள் தாழ்கின்றன. தொடையில் உதை வராது என்ற உறுதியில் வீரர் பக்கவாட்டாக, முன்காலில் எடை வைக்காமல் துள்ளி நிற்கிறார். தாய்லாந்தின் முவாய் தாய் பழகியவர் அந்த முன்காலைத்தான் முதலில் குறிவைப்பார். இருவரும் ஒட்டிக்கொண்டதும் நடுவர் 'கல்யோ' (பிரியுங்கள்) என்று சொல்லிப் பிரிப்பார். பல ஆண்டுகள் இதைக் கேட்ட உடல், ஒட்டியதும் தானாக ஓய்ந்துவிடும். தற்காப்பு கற்பிக்கும் பள்ளியில் இந்த ஓய்வு ஆபத்து. ஆசிரியர் தன்னையறியாமல் இதே இடத்தில் 'நிறுத்து' என்று சொல்வார், மாணவரும் அதையே கற்பார்.

மாற்று வழி எளியது. ஸ்பாரிங்கில் இருவரும் ஒட்டியபின் பத்து விநாடி தொடர விடுங்கள்; எதிராளியின் கைகளுக்குள் தன் கையை நுழைத்து, தலையை அவர் மார்போடு அணைத்து, பிறகு தள்ளி வெளியேற வேண்டும். வாரத்தில் ஒரு சுற்று, காலைப் பயன்படுத்தாமல் கையால் மட்டும். இன்னொரு சுற்றில் கட்டுப்படுத்திய வேகத்தில் தொடை உதைக்கு அனுமதி. பக்கவாட்டாக நின்ற மாணவர் தானாகவே எதிராளியை நேராகப் பார்த்து நிற்கத் தொடங்குவார். விழும் பயிற்சி முதல் மாதத்திலேயே வர வேண்டும், ஏனெனில் ஒற்றைக் காலில் நிற்பவரைக் கீழே தள்ள அதிக விசை தேவையில்லை.

பெல்ட் தேர்வில் பூம்சேயும் (வரிசைப்படுத்திய அசைவுகளைத் தனியாகச் செய்து காட்டுவது) பலகை உடைப்பும் மட்டும் இருந்தால் மேலே சொன்ன சுற்றுகள் இரண்டு மாதத்தில் வகுப்பிலிருந்து காணாமல் போகும், ஏனெனில் தேர்வில் கேட்காததை மாணவர்கள் பழகமாட்டார்கள். தொடக்க நிலையான மஞ்சள் பெல்ட்டுக்கே மூன்றைச் சேர்த்துவிடலாம்: பின்னால் விழுந்து தலை தரையில் படாமல் எழுவது, கைகளை இறக்காமல் ஒரு நிமிடம் ஸ்பாரிங், பிடியிலிருந்து ஒருமுறை வெளியேறுவது. தேர்வுக்கு ஒரு மாணவருக்கு நான்கு நிமிடம் கூடுதலாகும்.