நானூறு பேரின் பதிலும் மாவட்டத்தின் கருத்தும்

திருகோணமலை மாவட்டத்தில் 400 பேரிடம் கேட்டதில் 60 சதவீதத்தினர், கடைகளில் சிகரெட் பெட்டிகளைக் காட்சிக்கு வைப்பதைத் தடை செய்யச் சொன்னார்கள் என்று ஒரு செய்தி வருவதாக வைத்துக்கொள்வோம். இலங்கையில் புகையிலை விளம்பரத்தை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுத்துவிட்டதால், இப்போது விவாதத்துக்கு வருபவை இத்தகைய மறைமுக வழிகளே. செய்தியின் அடியில், பிழை வரம்பு 5 சதவீதம் என்று சிறிய எழுத்தில் இருக்கும். இதே முறையில் நூறு தடவை மாதிரி எடுத்தால், ஏறத்தாழ 95 தடவைகளில் கணிப்பு உண்மை நிலையிலிருந்து 5 புள்ளிகளுக்கு மேல் விலகாது என்பதே அதன் பொருள். இந்தப் பிழையைப் பாதியாக்க 800 பேர் போதாது, 1,600 பேர் வேண்டும்.

ஆனால் மாவட்டத்திலுள்ள எவரும் தெரிவாவதற்குச் சம வாய்ப்பு இருந்தால்தான் இக்கணக்குச் செல்லும். பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடைகளில் வினாக்கொத்தை நீட்டினால் அகப்படுவோர் பெரும்பாலும் ஆண்கள். இந்நாட்டில் புகைப்போரும் மிகப் பெரும்பாலும் ஆண்களே. கிண்ணியாவில் வீட்டிலிருக்கும் பெண்ணும், வெருகலில் வயலுக்குப் போன விவசாயியும் அந்தக் கணிப்பில் இல்லை. அங்கேயே 4,000 பேரைக் கேட்டாலும் சாய்வு நீங்காது; பிழை வரம்பு மட்டும் சிறுத்து, தவறான விடைக்கு வீண் மதிப்பைத் தேடித் தரும்.

கேள்வியின் சொற்களும் விடையை மாற்றும். 1941இல் டொனால்ட் ரக் வெளியிட்ட அமெரிக்க ஆய்வொன்றில், ஜனநாயகத்துக்கு எதிரான பேச்சுகளைத் தடை செய்ய வேண்டுமா என்றபோது, கருத்துச் சொன்னவர்களில் 54 சதவீதத்தினர் ஆம் என்றனர். அனுமதிக்க வேண்டுமா என்றபோதோ அவ்வாறே 75 சதவீதத்தினர் இல்லை என்றனர். ஆகவே, கேட்ட கேள்வியை அப்படியே வெளியிடாத கணிப்பை நான் பொருட்படுத்துவதில்லை. கேட்கும் இடமும் அப்படியே: தகப்பன் அருகில் நிற்க, மகன் தான் புகைப்பதை ஒப்புக்கொள்வானா?

இத்தகைய மறைமுக விளம்பரத்தைப் பார்த்ததாகச் சொன்னவர்களிடையே புகைப்போர் அதிகம் என்று முடிவு வந்தால், இன்னும் நிதானம் தேவை. விளம்பரம் அவர்களைப் புகைக்கத் தூண்டியிருக்கலாம். புகைப்பவர் என்பதாலேயே அது அவர்கள் கண்ணில் பட்டு நினைவில் நின்றிருக்கவும் கூடும். ஒரே நாளில் எடுத்த கணிப்பால் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. இன்னும் புகைக்கத் தொடங்காத இளைஞர்களைத் தெரிவு செய்து, அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதை முதலில் பதிவு செய்து, பின்னர் யார் புகைக்கத் தொடங்குகிறார்கள் என்று ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தால்தான் எது முந்தியது என்பதாவது தெரியவரும்.