முகம் காந்துவது காபியாலா, காபியின் சூட்டாலா?

சித்திரை வெயிலில் ஓர் ஆசிரியை வந்திருந்தார். வயது 40-ஐத் தாண்டியவர். வகுப்பில் நிற்கும்போதே கன்னமும் மூக்கும் காந்துகிறது என்றார். மாநிறம் என்பதால் சிவப்பு பளிச்சென்று தெரியவில்லை. விரலால் கன்னத்தை அழுத்தி எடுத்தபோது வெளுத்து, மறுபடி நிறம் ஏறியது. மூக்கோரத்தில் மெல்லிய ரத்தக் குழாய்கள், நாலைந்து சின்னக் கொப்புளங்கள். பருவில் இருக்கும் கரும்புள்ளி ஒன்றுகூட இல்லை. ரோசேசியா, அதாவது முகம் அடிக்கடி சிவந்து காந்தும் நாள்பட்ட தோல் நோய்.

அவரோ இரண்டு வருடமாக இதை 'உடம்புச் சூடு' என்றே நினைத்திருந்தார். காபி, தக்காளி, மாம்பழம், முட்டை என்று ஒவ்வொன்றாக விட்டாயிற்று. காபிக்குப் பதிலாகக் காலையில் சுக்கு வெந்நீர், கொதிக்கக் கொதிக்க. கேட்டதும் மனசு கஷ்டமாகிவிட்டது. பிடித்ததையெல்லாம் விட்டவர், முகத்தைக் காந்த வைப்பதை மட்டும் தினமும் குடித்துக்கொண்டிருந்தார்.

1981-ல் ஜொனாதன் வில்கின் என்ற தோல் மருத்துவர் இதைச் சோதித்தே பார்த்தார். ரோசேசியா உள்ளவர்களுக்கு 60 டிகிரி சூட்டில் காபி கொடுத்தார், முகம் சிவந்தது. அதே சூட்டில் வெறும் வெந்நீர் கொடுத்தார், அப்போதும் சிவந்தது. ஆறிய காபிக்கும் தனியாகக் கொடுத்த காஃபீனுக்கும் சிவக்கவில்லை. 2018-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 82,737 பெண்களின் விவரங்களைப் பார்த்தது. அதில் நாளுக்கு 4 கப்பும் அதற்கு மேலும் காபி குடித்தவர்களுக்கு ரோசேசியா வந்தது குறைவாகவே இருந்தது. காபிதான் காப்பாற்றியது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் காபியைக் குற்றவாளியாக்கவும் முடியாது. டபராவில் நன்றாக ஆற்றி, வெதுவெதுப்பாகக் குடியுங்கள் என்றேன். ரசத்துக்கும் சூப்புக்கும் இதேதான்.

காரத்தின் கதை கொஞ்சம் வேறு. சூட்டை உணர்கிற அதே நரம்பு வாயிலைத்தான் மிளகாயில் உள்ள கேப்சைசினும் திறந்துவிடுகிறது. அதனால் பழைய சோற்றோடு கடிக்கிற பச்சை மிளகாய்க்கும் முகம் சிவக்கலாம். மது, அதிலும் ஒயின், பலருக்கு ஆகாது. பட்டை, சாக்லேட், தக்காளி, எலுமிச்சை வகைகள் சிலருக்கு மட்டும்தான் தொந்தரவு. யாருக்கு எது என்று நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்ல முடியாது.

சரி, ஐஸ்கிரீம்? எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்பது இதைத்தான். தாராளமாகச் சாப்பிடலாம். முகம் காந்தத் தொடங்கும்போது ஒரு ஐஸ்துண்டை வாயில் போட்டுச் சப்பினால் பலருக்கு அடங்கும். குச்சி ஐஸ், ஏலக்காய் குல்ஃபி, குளிர்ந்த நுங்கு எல்லாம் சரி. சாக்லேட், பட்டைத்தூள், ரம் கலந்த வகைகளை மட்டும் முதலில் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பாருங்கள். ஆனால் மதியம் இரண்டு மணிக்குத் தள்ளுவண்டிப் பக்கத்தில் நின்று சாப்பிட்டுவிட்டு ஐஸ்கிரீமைக் குறை சொல்லக் கூடாது. ரோசேசியாவைக் கிளப்புவதில் வெயிலுக்குத்தான் முதலிடம். ஐஸ்கட்டியை முகத்தில் நேராகத் தேய்க்கவும் வேண்டாம், ஏற்கெனவே நொந்த தோல் அது. அப்புறம், இந்த நோய்க்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதுவது உண்டு. அதைப் பால், தயிர், ஐஸ்கிரீமோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் ஏறுவது குறையும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

ஆசிரியையிடம் ஒரு நோட்டுப் போடச் சொன்னேன். ஒரு மாதம் கழித்துக் கொண்டுவந்தார். 'மதியம் 12, காரக்குழம்பு, அடுப்படி: காந்தல். இரவு 9, குல்ஃபி: ஒன்றுமில்லை. ஞாயிறு, மாம்பழம் இரண்டு துண்டு: ஒன்றுமில்லை.' காரக்குழம்பா அடுப்பா என்று பிரித்துப் பார்க்க, ஒருநாள் அதே குழம்பை வேறொருவர் வைக்க, இவர் ஆறவைத்துச் சாப்பிட்டார். முகம் காந்தவில்லை. அடுப்படி அனல்தான் காரணம். சமையலை விடிகாலைக்கு மாற்றினார்.

இன்னொன்றையும் அந்த நோட்டில் எழுதச் சொல்வேன்: முகத்தில் என்ன க்ரீம் போட்டீர்கள் என்று. சிவப்புக்கென்று கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு க்ரீம் இரண்டு நாள் அடக்கிவைத்துவிட்டு, பிறகு நோயை இரட்டிப்பாக்கும். கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தினாலோ, இமையோரம் சிவந்து எரிந்தாலோ கண் மருத்துவரிடமும் காட்டுங்கள். ரோசேசியா கண்ணையும் தொடும்.