ரேகை பதியாத விரல்கள்

ரேஷன் கடையில் மதினி விரலை வைத்தார். இயந்திரம் ஏற்கவில்லை. "நல்லாத் துடைச்சிட்டு வையுங்க" என்றார் கடைக்காரர். சேலைத் தலைப்பில் அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். துடைப்பதற்கும் வைப்பதற்கும் இடையிலான நேரத்திலேயே விரல் நுனியில் முத்து முத்தாக நீர் கட்டிவிட்டது. பின்னால் வரிசை நீள நீள அவருக்குக் கை இன்னும் வேர்த்தது. நான்காவது தடவைதான் ரேகை பதிந்தது.

மதினி தோவாளையில் பூக்கட்டுகிறவர். ஈரக்கையில் வாழைநார் வழுக்கும், முடிச்சு இறுகாது. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். "பயந்த சுபாவம், அதான் கை வேர்க்குது" என்று வீட்டில் சொல்லிச் சொல்லி அவரும் அதை நம்பிவிட்டார். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். அது தவறு. உள்ளங்கை இப்படிச் சொட்டுவதற்கு மருத்துவத்தில் ஹைப்பர்ஹைட்ரோசிஸ் என்று பெயர் இருக்கிறது, காரணம் இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது.

முதலில் சாதாரண வேர்வையைப் பார்ப்போம். நம் தோலில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வேர்வைச் சுரப்பிகள் உள்ளன. உடம்புச் சூடு ஏறும்போது மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் அவற்றைத் திறந்துவிடுகிறது. உடம்பைக் குளிர்விப்பது வேர்வை அல்ல, அது ஆவியாவதுதான். 1 லிட்டர் வேர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். 30 டிகிரியில் இருக்கும் 8 லிட்டர் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. சொட்டிக் கீழே விழும் வேர்வையோ உடம்பை அநேகமாகக் குளிர்விப்பதே இல்லை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ளேயே இந்த வித்தியாசத்தை உணரலாம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று, சட்டை நனைவதற்கு முன்பே வேர்வையை உலர்த்திவிடும். குளச்சல் பக்கம் கடற்காற்றே ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும். குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரநிழல் இருக்கும், காற்று இருக்காது, மண்ணிலிருந்து ஈரம் எழும். பால் வெட்டுகிறவர் வெயிலே படாமல் தொப்பலாக நனைந்து நிற்பார். அவருக்கு நோய் எதுவும் இல்லை. ஏற்கெனவே நீராவி நிறைந்த காற்றில் வேர்வை ஆவியாக முடியவில்லை, சூடு குறையவில்லை, அதனால் மூளை இன்னும் சுரக்கச் சொல்கிறது. "எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு வேர்க்குது?" என்று கேட்கிறவர்களில் பலருக்கு இந்த ஊர்க்காற்றுதான் பதில்.

உள்ளங்கை வேர்வையின் கதை வேறு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நூற்றுக்கணக்கில் சுரப்பிகள் நெருங்கி இருக்கின்றன. ஆனால் அவை வெயிலைவிட மனதுக்குத்தான் அதிகம் கீழ்ப்படியும். சூட்டினால் வரும் வேர்வையும் மனக்கிளர்ச்சியால் வரும் வேர்வையும் வேறு வேறு என்பதை ஜப்பானிய உடலியல் அறிஞர் யாஸ் கூனோ சோதித்துக் காட்டி ஏறக்குறைய 90 வருடம் ஆகிறது. லேசான ஈரம் இருந்தால் பிடி இறுகும். மரமேறியும் ஓடியும் தப்பித்த முன்னோர்களுக்கு அது உதவியிருக்கும் என்று அறிவியலாளர்கள் கருதுகிறார்கள்.

மதினியைப் போன்றவர்களுக்குச் சுரப்பி பழுதாகவில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் மற்றவர்களுடையதைப் போலவேதான் இருக்கும். அதற்கு வரும் கட்டளைதான் அளவு மீறுகிறது. மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கி, நெஞ்சுக்கூட்டுக்குள் விலா எலும்புகளை ஒட்டிய பரிவு நரம்புச் சங்கிலியை (நாம் நினைக்காமலே இயங்கும் நரம்புத் தொடர்) கடந்து, கை நரம்புகளில் போகிறது அந்தக் கட்டளை. நரம்பு நுனியில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிவர, சுரப்பி திறக்கிறது. மற்றவருக்குத் தேர்வறையில் ஒரு நிமிடம் வந்து போகும் கட்டளை, இவர்களுக்கு டீ குடிக்கும்போதும் வந்துகொண்டே இருக்கும். பயம் இதைக் கூட்டும், உண்மைதான். ஆனால் பயம் இதன் வேர் அல்ல. கை நனைவதால் கூச்சம் வருகிறது, கூச்சத்தால் கை மேலும் நனைகிறது. குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருப்பது சாதாரணம். மதினியின் அப்பாவுக்கும் இருந்ததாம்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய சோதனைகள் பெரும்பாலும் தேவைப்படாது. இரண்டு கையிலும் ஒரே மாதிரி வேர்க்கிறதா, 25 வயதுக்கு முன்பே தொடங்கியதா, ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கிறதா என்று மருத்துவர் கேட்பார். எனக்குப் பிடித்த கேள்வி அடுத்தது: தூங்கும்போது நிற்கிறதா? அன்று ராத்திரி அண்ணன் மதினியின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்து கிடந்தது.

எந்த இடத்தில் எவ்வளவு வேர்க்கிறது என்பதைப் படமாகவே பார்க்கவும் ஒரு வழி உண்டு. மாஸ்கோ மருத்துவர் மைனர் 1928-இல் வெளியிட்ட முறை அது. தோலில் அயோடின் கரைசலைத் தடவி உலரவிட்டு, மேலே ஸ்டார்ச் மாவைத் தூவுவார்கள். வேர்வை பட்ட இடமெல்லாம் கருநீலமாகும். நம் மரச்சீனிக் கிழங்கில் இருப்பதும் ஸ்டார்ச்தான். கிழங்குத் துண்டின் மேல் அயோடின் சொட்டினால் அதே நிறம் வரும், பள்ளியில் செய்திருப்பீர்கள்.

எல்லா வேர்வையும் இந்த வகையல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். தூக்கத்தில் படுக்கை நனைகிற அளவு வேர்த்து, கூடவே காய்ச்சல், இருமல், எடை குறைவு இருந்தால் காசநோய்க்குச் சோதிக்க வேண்டும். படபடப்பு, கை நடுக்கம், எடை குறைவோடு உடம்பெல்லாம் வேர்த்தால் தைராய்டைப் பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவருக்குத் திடீரென்று குளிர்ந்து வேர்த்துக் கை நடுங்கினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம், உடனே இனிப்பு கொடுங்கள். நெஞ்சுவலியோடு குளிர்ந்து வேர்த்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

சரி, சிகிச்சை. தொடக்கம் எளிமையானது: அலுமினியம் குளோரைடு கலந்த பூச்சு. 20 சதவீதக் கரைசல் வழக்கமானது. அலுமினிய உப்பு வேர்வைக் குழாயின் வாயில் படிந்து தற்காலிக அடைப்பாக நிற்கும். ராத்திரி படுக்கும் முன் பூசி, காலையில் கழுவ வேண்டும். தோல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஈரத்தில் பூசினால் அமிலம் உண்டாகி எரியும், அரிக்கும், மருந்து சரியில்லை என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். நம் ஊர் ஈரத்தில் துண்டால் துடைத்தால் போதாது, கொஞ்ச நேரம் ஃபேனுக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அக்குளில் நன்றாக வேலை செய்யும் இது, உள்ளங்கையின் தடித்த தோலில் சிலருக்குப் போதாமல் போகும்.

அப்போது அயன்டோஃபோரசிஸ். இரண்டு தட்டில் தண்ணீர், அதில் கைகள், தண்ணீர் வழியாகச் சிறு மின்னோட்டம். ஒரு தடவைக்கு 20 முதல் 30 நிமிடம், தொடக்கத்தில் வாரம் மூன்று நாள். சில வாரங்களில் ஈரம் குறையும், பிறகு வாரம் ஒரு நாள் போதும். மின்சாரம் போகத் தண்ணீரில் உப்புகள் வேண்டும், அதனால் மிகவும் மென்மையான நீரில் சிட்டிகை சமையல் சோடா சேர்ப்பார்கள். ஏன் சுரப்பி அடங்குகிறது என்பதற்கு இன்னும் முடிவான விளக்கம் இல்லை, ஆனால் அடங்குகிறது. கர்ப்பிணிகளுக்கும் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் இது கூடாது. வீட்டு மின்சாரத்தை வைத்து யாரும் தாங்களாகச் செய்து பார்க்கவே கூடாது.

போட்டாக்ஸ் ஊசி, நரம்பு நுனியில் அசிட்டைல்கோலின் வெளிவருவதையே தடுக்கிறது. பல மாதம் தாங்கும், ஆனால் செலவு அதிகம். உள்ளங்கையில் போட்டால் வலிக்கும், சில வாரம் விரல் பிடி தளரலாம். பால்வெட்டுக் கத்தி பிடிக்கிறவர் இதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. கிளைக்கோபைரோலேட், ஆக்சிபியூட்டினின் போன்ற மாத்திரைகள் உடம்பு முழுக்க வேர்வையைக் குறைக்கும். வாய் உலரும், மலச்சிக்கல் வரும். மீன்பிடி வள்ளத்தில் நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவருக்கு வேர்வை நின்றால் உடம்புச் சூடு ஆபத்தான அளவுக்கு ஏறலாம்.

கடைசியில் அறுவை சிகிச்சை. நெஞ்சுக்குள் சிறு துளையிட்டுப் பரிவு நரம்புச் சங்கிலியைத் துண்டிப்பார்கள் அல்லது கிளிப் போடுவார்கள். கை அன்றே காய்ந்துவிடும். ஆனால் பலருக்கு அதற்கு ஈடாக முதுகிலும் நெஞ்சிலும் தொடையிலும் வேர்வை பெருகுகிறது, சிலருக்குப் பழைய தொந்தரவைவிட மோசமாக. துண்டித்த நரம்பைப் பழையபடி ஆக்கவும் முடியாது. மற்ற எல்லாம் பலிக்காதவர்கள்தான் இதை யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து, அதிலும் நம் ஊர்க் காற்றில்.

மதினி அதுவரை போகவில்லை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ வேறெங்கோ, முதலில் தோல் மருத்துவரிடம் போங்கள் என்றுதான் சொன்னேன், போனார். இப்போது சனிக்கிழமை சாயங்காலம் பூ வேலை இல்லாத நேரத்தில், மருத்துவர் பரிந்துரைத்த அயன்டோஃபோரசிஸ் கருவியின் இரண்டு தட்டிலும் தண்ணீர் ஊற்றி, டிவி முன்னால் உட்காருகிறார். கை முழுதாகக் காயவில்லை, மடியில் துண்டு இன்னும் கிடக்கிறது. நார் வழுக்குவது மட்டும் நின்றிருக்கிறது.